கழுவிப் பார்த்த சேறு

அந்த ஆபீஸின் முழுப் பெயர் கரையோரப் படிவுகளின் தரம் மற்றும் பருவ, மனிதத் தாக்க மதிப்பீட்டு மையம். பலகையைப் படித்து முடிப்பதற்குள் பஸ் அடுத்த நிறுத்தத்துக்குப் போய்விடும் என்பதால், கண்டக்டர் "சேத்து ஆபீஸ் எறங்கு" என்றுதான் குரல் கொடுப்பார். கடலோரத்தில் படிகிற சேறும் மணலும் நல்லதா கெட்டதா, கெட்டதென்றால் அதைக் கெடுத்தது பருவமா மனிதனா என்று கண்டுபிடித்துச் சொல்வது அதன் வேலை. இருபத்திரண்டு வருடமாகக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்கள். நாலு மாடி, பளிங்குத் தரை, மாடிக்கு மாடி கண்ணாடித் தடுப்பு. வாசலில் கொட்டை எழுத்தில் ஓர் அறிவிப்பு: "சேற்றுக் காலுடன் உள்ளே வரக் கூடாது."

அந்த அறிவிப்புக்கு நேர் கீழே ஒரு வாளிச் சேற்றோடு வந்து நின்றாள் சிப்பிக்காரி.

அவளும் அவள் நாத்தனாரும் பதினெட்டு வருடமாகக் கழிமுகத்தில் சிப்பி தோண்டுகிறவர்கள். தண்ணீர் வற்றும் நேரம் பார்த்து இறங்குவார்கள், கைவாரியால் சேற்றைக் கிளறுவார்கள், ஏறும்போது ஆளுக்கு ஒரு கூடை நிறைந்திருக்கும். அந்தச் சேற்றுக்குச் சாம்பல் நிறம், உப்பு வாசனை. கொஞ்சம் மேலே, அதே கரையில் சாய ஆலை வந்து குழாய் பதித்த பிறகு சேறு தார் மாதிரி ஆனது. அழுகிய முட்டை நாற்றம். ஒரு கூடை தோண்டினால் முக்கால் கூடை வாயைப் பிளந்துகொண்டு செத்த சிப்பி. இருவர் காலிலும் புண். ஆலை மேலாளரிடம் போய்க் கேட்டதற்கு அவர் மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "எங்க தண்ணி சுத்தமான தண்ணிம்மா. எங்களாலதான் கெட்டுதுன்னு சேத்து ஆபீஸ்ல ஒரு வரி எழுதி வாங்கிட்டு வாங்க. அன்னைக்கே குழாயை மூடிடறேன்."

ஒரு வரி. அவ்வளவுதானே என்று நினைத்துத்தான் கிளம்பினாள். அந்தச் சேற்றை விட்டால் அவளுக்கு வேறு பிழைப்புத் தெரியாது.

வாசலில் இருந்த கடைநிலை ஊழியர் வாளியைப் பார்த்ததும் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"என்னம்மா இது?"

"சேறுங்க."

"சேத்தை எதுக்கு இங்க கொண்டாந்தே?"

"இது சேத்து ஆபீஸ்தானுங்களே?"

"ஆபீஸ்தான். அதுக்காகச் சேத்தை உள்ள விட முடியுமா? பின்பக்கம் வா."

பின்பக்கக் குழாயடியில் வாளியைக் கவிழ்த்து, மூன்று தண்ணீர் விட்டு, உள்ளங்கையால் தேய்த்துத் தேய்த்து அலசினார். அரிசி களைகிற லாவகம் அந்தக் கைக்கு. கறுப்பெல்லாம் சாக்கடையில் ஓடியது. மிஞ்சியது ஒரு பிடி வெள்ளை மணல். அதை ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டு வெளிச்சத்தில் காட்டினார்.

"பாத்தியா, பளபளன்னு இருக்கு! ஆய்வுக்கூடத்துக்குள்ள அழுக்கா எதுவும் போகக் கூடாது. உள்ள இருக்கறதெல்லாம் வெளிநாட்டுக் கருவி."

சிப்பிக்காரி சாக்கடையைச் சுட்டிக் காட்டினாள். "ஐயா, நான் காட்ட வந்ததே அந்தக் கறுப்பைத்தானே!"

"அது அழுக்கும்மா. அழுக்கைப் போய் யாராவது சோதிப்பாங்களா?"

குப்பியோடு அவளை இரண்டாம் மாடிக்கு அனுப்பினார்கள். அது பருவப் பிரிவு. மூன்றாம் மாடி மனிதச் செயல்பாட்டுப் பிரிவு. எந்தச் சேறு வந்தாலும் முதலில் பருவப் பிரிவு பார்க்கும். பருவத்தின் தலையில் போட முடியாத குற்றம் ஏதாவது மிஞ்சினால்தான் அது ஒரு மாடி ஏறும். இதுவரை எதுவும் ஏறியதில்லை.

பருவ அதிகாரி மெலிந்த மனிதர். அவர் மேசையில் நான்கு ரப்பர் முத்திரைகள் வரிசையாக இருந்தன: கோடை, மழை, குளிர், காற்று.

"இது எப்ப எடுத்தது?"

"இன்னைக்குக் காலையிலங்க. கழுவறதுக்கு முன்னாடி கறுப்பா இருந்துதுங்க."

"அப்போ கோடை." முத்திரை குத்தினார். "கோடையில சேறு கறுக்கறது இயல்பு. வெயில்ல நாமளே கறுக்கலையா?"

"மழைக்காலத்துலயும் கறுப்பாத்தான் சார் இருக்குது."

"மழைத்தண்ணி கலங்கி வருமே, கறுக்காதா?"

"குளிர்காலத்துலயும்?"

"வெளிச்சம் கம்மி. கறுப்பாத் தெரியும்."

"அப்போ எப்பதான் சார் அது கறுக்காம இருக்கும்?"

பருவ அதிகாரி முகம் மலர்ந்தது. இத்தனை வருடத்தில் இப்படி ஒரு புத்திசாலிக் கேள்வியை அவர் கேட்டதில்லை. "அதைத்தாம்மா நாங்க இருபத்திரண்டு வருஷமா ஆராயறோம்! நாலு பருவத்துக்கும் மாதிரி எடுக்கணும். ஒரு வருஷம் பொறு."

பொறுக்க மனமில்லாமல் அவள் தானாகவே மூன்றாம் மாடிக்கு ஏறினாள். அங்கே மனிதச் செயல்பாட்டு அதிகாரி துடைத்து வைத்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, ஏற்கெனவே கூராக இருந்த பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தார். ஆள் வந்ததைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார்.

"பதினோரு வருஷம் ஆச்சும்மா. எனக்குக் கீழ ஆறு பேர். ஒரு துளிச் சேறு எங்க மாடிக்கு வந்ததில்லை. எல்லாத்தையும் கீழ் மாடியிலயே பருவம் சாப்பிட்டுடுது. போன கூட்டத்துல இயக்குநர் கேக்கறார், உங்க பிரிவு இன்னும் வேணுமான்னு. ஒரே ஒரு மனிதச் செயல்பாடு என் கையில கிடைக்கட்டும். சும்மா விடமாட்டேன்!"

நல்ல மனுஷன், இவர் கையில் ஆலை சிக்கினால் தப்பாது என்று சிப்பிக்காரிக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. பாவம், அப்படித்தான் நினைத்தாள்.

கோடை மாதிரி எடுக்கும் நாள் வந்தது. விதிப்படி, கரையில் தொழில் செய்யும் எல்லோருக்கும் பதினைந்து நாள் முன்னதாகக் கடிதம் போக வேண்டும். ஆலைக்கும் போயிற்று. அன்று ஆலைக் குழாய் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் காய்ந்து கிடந்தது. போதாக்குறைக்கு ஆலையிலிருந்து ஒரு பந்தலும் பதினாலு நாற்காலியும் பழரசமும் வந்திருந்தன. ஆபீஸிலிருந்து வந்தவர்களும் பதினாலு பேர்தான். இயக்குநர் பந்தலுக்கு அடியில் உட்கார்ந்தார். ஓர் உதவியாளர் கையிலிருந்த கருவியைப் பார்த்து, இயக்குநரின் காலடியில் இருந்த உலர்ந்த மணலில் ஒரு கரண்டி அள்ளினார்.

"சார், அது மணலுங்க. சேறு அதோ அங்க இருக்குது" என்றாள் சிப்பிக்காரி.

"மாதிரி எடுக்கற புள்ளி வரைபடத்துல குறிச்சதும்மா. வண்டி போற தூரத்துலதான் புள்ளி இருக்கணும்னு விதி."

"நான் வேணும்னா எறங்கி அள்ளித் தரேன் சார்."

இயக்குநர் பழரசத்தைக் கீழே வைத்தார். "அம்மா, நீங்க அள்ளினா அது சேறு. நாங்க அள்ளினாத்தான் அது மாதிரி. அறிவியல்னா ஒரு ஒழுங்கு வேணும்."

வீட்டுக்குப் போகும் வழியில் நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அண்ணி, சேத்துக்குப் பயந்தவனையெல்லாம் பொறுக்கி எடுத்துத்தான் அந்த ஆபீஸ்ல வேலைக்குப் போட்டிருக்காங்க போல."

மழை வந்தது. ஆபீஸ் வரவில்லை. சிப்பிக்காரி மூன்று நாள் கரையில் நனைந்து நின்றுவிட்டு, நாலாம் நாள் பஸ் ஏறினாள். இரண்டாம் மாடியில் பருவ அதிகாரி ஒரு தட்டில் கோடை மணலைப் பரப்பி வைத்து, அதன்மேல் குவளையால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒருவர் எண்ணிக்கொண்டிருந்தார். "பத்து... பதினொண்ணு... பன்னண்டு."

"என்ன சார் இது?"

"மழைக்கால மாதிரி. மழையில அதிகாரிங்க வெளிய போகக் கூடாதுன்னு பாதுகாப்பு விதி இருக்கு. அதனால சராசரி மழையைக் கணக்குப் போட்டோம், பன்னண்டு குவளை. இதுல இயற்கையைவிடத் துல்லியம் அதிகம்மா. இயற்கை ஒரு வருஷம் கூடப் பெய்யும், ஒரு வருஷம் கம்மியாப் பெய்யும். அதை நம்ப முடியாது."

குளிர்காலத்தில் போனபோது அதே மணல் குளிர்பதனப் பெட்டியில், ஊழியர்களின் சாப்பாட்டு டப்பாக்களுக்கு நடுவே இருந்தது. காற்றுக் காலத்தில் அதை மின்விசிறிக்குக் கீழே வைத்திருந்தார்கள். மூன்றாம் எண் வேகத்தில் சுற்றட்டும், அதுதான் கடற்காற்று என்று பருவ அதிகாரி ஊழியருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு தடவையும் சோதனைக்கு முன் மூன்று தண்ணீர் கழுவினார்கள். வருடக் கடைசியில் அந்த மணல் சர்க்கரைபோல வெளுத்திருந்தது.

இதற்கிடையில் மூன்றாம் மாடியும் சும்மா இருக்கவில்லை. கரையில் ஒரு மரக் கோபுரம் கட்டி, தொலைநோக்கியோடு ஓர் ஆளை உட்கார வைத்தார்கள். பதினொரு மணிக்கு ஏறுவார், மூன்று மணிக்கு இறங்குவார், நடுவில் ஒரு மணி நேரம் சாப்பாடு. ஆலைக் குழாய் காலை ஏழுக்கும் மாலை ஐந்துக்கும் திறந்தது. சிப்பிக்காரி தினமும் கோபுரத்தைப் பார்த்துக் கையை ஆட்டி, குழாயைச் சுட்டிக் காட்டுவாள். மேலே இருந்தவரும் ஏதோ குறித்துக்கொள்வார். குறித்துக்கொள்கிறாரே என்று அவளுக்கு அதிலும் ஒரு நம்பிக்கை.

சேறு யாருக்காகவும் காத்திருக்கவில்லை. ஒரு கூடை அரைக் கூடையானது, அரைக் கூடை ஒரு கைப்பிடியானது. ஒருநாள் இருவரும் நாலு மணி நேரம் தோண்டி ஏழு சிப்பி எடுத்தார்கள். அவற்றில் ஐந்து செத்தவை. நாத்தனார் கைவாரியைக் கழுவி வைத்தாள்.

"அண்ணி, நான் ஆலைக்கு வேலைக்குப் போறேன். துணி அலசற பிரிவுல ஆள் எடுக்கறாங்க."

"அந்த ஆலைக்கா?"

"வேற எந்த ஆலை இருக்கு இங்க? வாயில மண்ணு விழாம இருக்கத்தான் போறேன் அண்ணி. ரோஷம் பாத்தா உலை கொதிக்குமா?"

சிப்பிக்காரி தன் கூடையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். கோபம் நாத்தனார் மேல் இல்லை. யார் மேல் என்று சொல்ல அவளிடம் அந்த ஒரு வரிக் காகிதம் இல்லை, அவ்வளவுதான்.

கடைசியில் அறிக்கை வெளியீட்டு விழாவுக்கு அழைப்பு வந்தது. அவள் பெயருக்கே வந்தது. முன்வரிசையில் நாற்காலி. இருக்கிறதில் நல்ல புடவையைக் கட்டிக்கொண்டு, புண் தெரியாமல் காலைத் துணியால் சுற்றிக்கொண்டு போனாள். நானூற்றுப் பன்னிரண்டு பக்க அறிக்கை மேடையில் பட்டுத்துணி மூடி இருந்தது. இயக்குநர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"இருபத்து மூன்று ஆண்டுகளாக இந்த மையம் சேற்றுக்காகவே வாழ்கிறது. நானும் என் சக அதிகாரிகளும் ஒருநாள்கூட அதில் கால் வைத்ததில்லை. ஏன்? கால் வைத்தால் சார்பு வந்துவிடும். விலகி நின்று பார்ப்பவனுக்கே உண்மை தெரியும். நாங்கள் போதுமான அளவு விலகி நின்றிருக்கிறோம். இதோ முடிவு: நம் கரையின் படிவுகள் மிகத் தூய்மையானவை. நிறம், மணம் ஆகியவை பற்றிய புகார்கள் அனைத்தும் பருவங்களால் விளக்கப்பட்டுவிட்டன. இத்தோடு நாங்கள் நிற்கவில்லை. வரலாற்றிலேயே முதல்முறையாக, நம் மூன்றாம் மாடி ஒரு மனிதச் செயல்பாட்டைக் கண்டுபிடித்திருக்கிறது!"

மனிதச் செயல்பாட்டு அதிகாரி எழுந்து கும்பிட்டார். அவர் கண் கலங்கியிருந்தது. சிப்பிக்காரி நாற்காலியின் நுனிக்கு வந்தாள். மாட்டிக்கொண்டான் ஆலைக்காரன் என்று நினைத்தாள்.

திரையில் படம் விழுந்தது. குனிந்து சேற்றைக் கிளறும் ஒரு பெண்ணின் முதுகு. அந்த முதுகை அவள் பார்த்ததே இல்லை. யார் முதுகு என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"கண்காணிப்பு நேரத்தில் கரையில் காணப்பட்ட ஒரே இடையூறு" என்று அதிகாரி வாசித்தார். "இரும்புக் கைவாரியால் படிவைக் கலைத்தல், முந்நூற்றுப் பன்னிரண்டு முறை. காரணமின்றிக் கை அசைத்தல், நாற்பத்தாறு முறை. இந்தச் செயல்பாடு நீங்கினால் கரை முழுத் தூய்மை அடையும் என்று பரிந்துரைக்கிறோம்."

கைத்தட்டல் அடங்கவில்லை. அடுத்து ஆலை மேலாளர் பேசினார். இவ்வளவு நேர்மையான ஆய்வைத் தாம் பார்த்ததில்லை என்றும், பந்தல் போட்டதோடு தம் பங்கு முடிந்துவிட்டது என்றும் சொன்னார். வேலிக்கு ஓணான் சாட்சி. பிறகு இயக்குநர் அறிக்கையின் முதல் பிரதியைச் சிப்பிக்காரியின் கையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார். அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். நிகழ்ச்சி நிரலில் அவள் பேச்சு இல்லை என்று சொல்லி ஒலிபெருக்கியை அணைத்துவிட்டார்கள்.

மறுவாரம் கழிமுகத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட்டார்கள். மனிதர் இறங்கத் தடை. குப்புறத் தள்ளிய குதிரை குழியும் பறித்த கதைதான். சிப்பிக்காரி மூன்று மாதம் வீட்டில் உட்கார்ந்து பார்த்தாள். அதற்குமேல் வயிறு கேட்கவில்லை. நாத்தனார் மேற்பார்வையாளரிடம் சொல்லிவைத்தாள். துணி அலச ஆள் நிறைய இருந்தது. குழாயடியில் இருந்த கிழவர் ஓய்வு பெற்றதால் அந்த இடம்தான் காலி. ஒரு நாளைக்கு இரண்டு தடவை பெரிய இரும்புச் சக்கரத்தைச் சுற்றிக் கழிவுநீரைத் திறந்துவிட வேண்டும். அவ்வளவே வேலை.

முதல் நாள் அவள் சக்கரத்தைச் சுற்றினாள். கறுப்புத் தண்ணீர் குபுகுபுவென்று கழிமுகத்தில் விழுந்தது. தன் கையாலேயே தன் சேற்றில் விழுந்தது. அறிக்கை வாசித்த அன்று வராத அழுகை அப்போது வந்தது. அந்தப் பொய்ப் புத்தகத்தில் இருந்ததை இப்போது அவளே உண்மையாக்கிவிட்டாள். நாத்தனார் ஓடி வந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். "விடு அண்ணி. நீ தொறக்காட்டி இன்னொருத்தி தொறப்பா" என்றாள். அது உண்மைதான், ஆனாலும் அதனால் மனசு ஆறவில்லை.

ஒரு வருடம் அப்படியே ஓடியது. சேத்து ஆபீஸிலிருந்து ஆலைக்குப் பதினைந்து நாள் முன்னறிவிப்பு வந்தது: மனிதச் செயல்பாடு நீங்கிய கரையை இயக்குநர் நேரில் பார்வையிடுகிறார். மேற்பார்வையாளர் சிப்பிக்காரியைக் கூப்பிட்டார்.

"வர்ற புதனும் வியாழனும் சக்கரத்துல கை வைக்காதே. புரியுதா? தண்ணியைத் தேக்கி வச்சு அடுத்த நாள் விட்டுக்கலாம்."

"சரிங்க."

வியாழக்கிழமை பந்தல் வந்தது. பழரசம் வந்தது. இந்தத் தடவை தண்ணீர் வற்றி, வெயிலில் மேற்சேறு காய்ந்து பாளமாகியிருந்ததால் நாற்காலிகளைக் கொஞ்சம் உள்ளே தள்ளியே போட்டிருந்தார்கள். குழாய் வாயிலிருந்து ஐம்பது அடி இருக்கும். இயக்குநர் நடுவில், ஒரு பக்கம் பருவம், மறுபக்கம் மனிதச் செயல்பாடு. சக்கரத்தின் பக்கத்தில் நின்ற சிப்பிக்காரிக்கு அவர் பேச்சு தெளிவாகக் கேட்டது.

"பார்த்தீர்களா, ஒரே ஒரு பெண்ணை அப்புறப்படுத்தினோம். கரை எப்படி மூச்சுவிடுகிறது பாருங்கள்!"

அவள் சக்கரத்தைப் பிடித்தாள். வேலை போகும் என்று தெரியும். சாயந்தரம் வீட்டில் என்ன சொல்வது என்றும் யோசித்தாள். பிறகு முழு பலத்தோடு சுற்றினாள். இரண்டு நாள் தேக்கி வைத்திருந்த தண்ணீர் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்து பந்தலுக்குள் நுழைந்தது. பழரசக் கோப்பைகள் மிதந்தன. இயக்குநர் எழுவதற்குள் காலணிக்குள் கறுப்பு ஏறிவிட்டது. நாற்காலிக் கால்கள் சேற்றில் இறங்கின.

"என்ன இது? என்ன இது?" என்று கத்தினார்.

பருவ அதிகாரி முத்திரைப் பெட்டியைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டார். "சார், பருவம் தவறின வெள்ளம் சார்! இது நாலு பருவத்துலயும் வராது!"

"அப்படின்னா புதுசா?"

"புதுசுதான் சார். அஞ்சாவது பருவம்!"

இயக்குநர் முகத்தில் பயம் போய் ஒரு பெருமிதம் வந்தது. "அஞ்சாவது பருவம்! அதுக்குத் தனிப் பிரிவு வேணுமே. அஞ்சாவது மாடி கட்டச் சொல்லி இன்னைக்கே எழுதுங்க."

சிப்பிக்காரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பருவமும் இல்லை, கிருவமும் இல்லை!" என்று அங்கிருந்தே கூவினாள். "சார்! இங்க பாருங்க! நான்தான் தொறந்தேன்! இது ஆலைத் தண்ணி! தினம் ரெண்டு வேளை நான்தான் தொறந்து விடறேன்! எழுதிக்கங்க சார்!"

மனிதச் செயல்பாட்டு அதிகாரி திரும்பிப் பார்த்தார். அவளை அவருக்கு அடையாளம் தெரிந்தது. அவருக்குப் பதவி உயர்வு வாங்கித் தந்தவளே அவள்தான். கால்சட்டையை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு நாலு எட்டு முன்னால் வந்தார்.

"அம்மா, உங்க கோப்பை மூடியாச்சு. இந்தக் கரையில மனிதச் செயல்பாடு நீங்கிடுச்சுன்னு கையெழுத்துப் போட்டு அறிக்கை வந்து ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. இப்ப வந்து நான்தான்னு சொன்னா எப்படி ஏத்துக்கறது? ஆபீஸ்னா ஒரு நடைமுறை இல்லையா?"

ஆலைப் பக்கமிருந்து மேற்பார்வையாளர் கையை வீசிக்கொண்டு ஓடி வந்தார். அவருக்கு முன்னால் நாத்தனார் ஓடி வந்து வழியை மறித்துக்கொண்டு நின்றாள். பந்தலில் இயக்குநரின் முழங்காலைத் தண்ணீர் தொட்டது. பருவ அதிகாரி அவசரமாகத் தேதியைக் குறித்துக்கொண்டிருந்தார்.

சிப்பிக்காரி சக்கரத்தை இன்னும் இரண்டு சுற்று சுற்றினாள்.